கடன் வாங்கிய கோட்டு

நியூயார்க்கில் ஒரு மொட்டைமாடி விருந்து. ஒரு பெண் பாட, பக்கத்தில் ஒரு இளைஞன் பியானோ வாசிக்கிறான். அவன் போட்டிருக்கும் கோட்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சின்னம் இருக்கிறது, ஆனால் கோட்டு அவனுடையது இல்லை, அன்றைக்கு ஒரு மாலைக்காக இன்னொருவனிடம் வாங்கிப் போட்டுக்கொண்டது. பாட்டு முடிந்ததும் ஒரு பணக்காரத் தம்பதி அவனிடம் வந்து பேசுகிறார்கள். நீ பிரின்ஸ்டனில் படித்தவனா, அப்படியென்றால் எங்கள் மகன் டிக்கியை உனக்குத் தெரிந்திருக்குமே என்கிறார்கள். அவன் ஒரு நொடி தயங்குகிறான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "டிக்கி எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிறான்.

1999-இல் வந்த 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி' படத்தில் எனக்கு மிகவும் பயமூட்டும் இடம் இதுதான். பின்னால் மூன்று கொலைகள் வருகின்றன, ரத்தம் வருகிறது, போலீஸ் வருகிறது. ஆனாலும் இந்தக் கேள்விதான் என்னை உலுக்குகிறது, ஏனென்றால் இதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. எதிரில் இருப்பவர்கள் தாங்களாகவே ஒரு ஆளைக் கற்பனை செய்துகொண்டார்கள், இவன் அதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். படம் ஆரம்பிக்கும்போதே அவன் குரல் பின்னணியில் கேட்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட முடிந்தால் எங்கிருந்து அழிப்பேன் என்று யோசிக்கிறது, முதலில் என்னை, அப்புறம் அந்தக் கோட்டை வாங்கியதை என்கிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள். கொலைகளை அவன் முதலில் சொல்லவில்லை.

(முழுக்கதையும் முடிவும் இதில் வருகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது, சஸ்பென்ஸ் நிஜமாகவே நன்றாக இருக்கும்.)

கதை சுருக்கமாக. 1950-களின் கடைசி. டாம் ரிப்ளிக்குக் காசும் கிடையாது, சொந்தக்காரர்களும் கிடையாது. இசை அரங்கின் கழிவறையில் நின்று பணக்காரர்களின் கோட்டில் தூசி தட்டிவிடும் வேலை, நடுவில் பியானோ சுருதி சேர்க்கும் வேலை. மொட்டைமாடியில் பேசிய அந்தப் பணக்காரர், கப்பல் முதலாளி ஹெர்பர்ட் கிரீன்லீஃப், அவனை நம்பி, இத்தாலியில் அப்பா பணத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மகனைத் திரும்ப அழைத்து வந்தால் ஆயிரம் டாலர் தருகிறேன் என்கிறார். டாம் போகிறான். அங்கே டிக்கி, அவன் காதலி மார்ஜ், கடல், படகு, சாக்ஸபோன், வெயில். கொஞ்ச நாளில் டாம் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறான். பிறகு ஒரு நாள் டிக்கியைக் கொன்றுவிட்டு அவன் பெயரில் வாழத் தொடங்குகிறான். டாமாக மேட் டேமன், டிக்கியாக ஜூட் லா, மார்ஜாக க்வினெத் பால்ட்ரோ. இயக்கியவர் ஆண்டனி மிங்கெல்லா, பட்ரீஷியா ஹைஸ்மித் 1955-இல் எழுதிய நாவலை வைத்துத் திரைக்கதையும் அவரே எழுதினார்.

இதை ஆள்மாறாட்டக் கதை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் டாம் திருடியது டிக்கியின் பெயரையும் பணத்தையும் மட்டும் என்று பார்த்தால் படத்தில் பாதி கைநழுவிப் போகிறது. டிக்கியை உலகம் எப்படிப் பார்க்கிறதோ அந்தப் பார்வைக்குத்தான் டாம் ஏங்குகிறான். அறைக்குள் டிக்கி நுழைந்தால் எல்லோர் முகமும் திரும்புகிறது, வெளிச்சம் விழுந்தது போல ஆகிறது. டாம் நுழைந்தால் யார் தலையும் நிமிர்வதில்லை. பொறாமை என்று நாம் லேசாகச் சொல்லிவிடும் ஒன்றுக்கு உள்ளே இவ்வளவு பெரிய பசி இருக்கிறது என்பதை இந்த அளவுக்குப் பொறுமையாகக் காட்டிய வேறு படம் எனக்குத் தெரியாது.

கப்பல் ஏறும் முன் டாம் என்ன செய்கிறான் பாருங்கள். டிக்கிக்கு ஜாஸ் பைத்தியம் என்று தெரிந்ததும், தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத அந்த இசையின் ரெக்கார்டுகளை வாங்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டு, வாசிப்பது யார் என்று சொல்லிப் பழகுகிறான். தேர்வுக்குப் படிப்பவனைப் போல. அவன் மனதுக்குப் பிடித்தது மேற்கத்தியச் செவ்வியல் இசை, குறிப்பாக பாஹ். ஆனால் இத்தாலி போனதும் அவன் பையிலிருந்து ஜாஸ் ரெக்கார்டுகள் 'தற்செயலாக' டிக்கியின் காலடியில் விழுகின்றன, டிக்கி குழந்தை மாதிரி குதிக்கிறான். டிக்கியின் படகுக்குப் பெயரே 'பேர்ட்', ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் பட்டப்பெயர். அந்த ஒரு கணத்தில் இருவரும் நண்பர்களாகிவிடுகிறார்கள். அந்த நட்பு பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. டாம் நிஜமாகவே மகிழ்ச்சியாக இருக்கிறான், நேப்பிள்ஸ் கிளப்பில் மேடையேறி எல்லோரோடும் சேர்ந்து கத்திப் பாடும்போது அவன் முகத்தைப் பாருங்கள், அதில் கொஞ்சமும் நடிப்பு இல்லை. பொறாமைப்படுகிறவனைப் போல நம்மை உற்றுக் கவனிக்கிறவர் வேறு யாரும் இல்லை. நமக்கு எது பிடிக்கும், எந்த இடத்தில் சிரிப்போம், கையெழுத்தில் எந்த எழுத்து சாய்கிறது என்று நம் நெருங்கியவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை. அவனுக்குத் தெரியும். அன்பும் பொறாமையும் ஒரே பாடத்தைத்தான் படிக்கின்றன, படத்தின் முதல் பாதி முழுக்க இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம் முதல்முறை பார்க்கும்போது பலருக்கும் கடந்துபோய்விடும். டிக்கியை நேரில் பார்ப்பதற்கு முன்பே டாம் அவன் பெயரை எடுத்துக்கொள்கிறான். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும்போது மெரிடித் என்ற பணக்கார அமெரிக்கப் பெண் பேச்சுக் கொடுக்கிறாள். பெயர் என்ன என்று கேட்டதும் டிக்கி கிரீன்லீஃப் என்று சொல்லிவிடுகிறான். திட்டம் எதுவும் இல்லை, லாபமும் இல்லை, இனி அவளைப் பார்ப்போமா என்றுகூடத் தெரியாது. அந்தப் பெயரை ஒருமுறை போட்டுப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் அவளும் தன் குடும்பப் பெயரை மறைத்துத்தான் பயணம் செய்கிறாள். பணம் இருப்பவள் பெயரை மறைத்தால் அது விளையாட்டு, இல்லாதவன் பெயரை மாற்றினால் அது குற்றம். நாவலில் மெரிடித் கிடையாது, மிங்கெல்லா சேர்த்த பாத்திரம். கேட் பிளான்செட் கொஞ்ச நேரமே வந்தாலும் கதையின் முடிச்சு அவள் கையில்தான் இருக்கிறது. பின்னால் ரோமில் அவள் டாமிடம் சொல்வது இன்னும் முக்கியம்: பிறந்ததிலிருந்து பணத்தோடு இருந்தவர்கள், அதை எவ்வளவு வெறுத்தாலும், அதே மாதிரி பணம் வைத்துக்கொண்டு அதை வெறுக்கிறவர்களோடுதான் நிம்மதியாக இருக்க முடியும். இதை அவள் இரக்கத்தோடு, நம்பிக்கையோடு, ஒரு ஏழையிடம் சொல்கிறாள். அவன் ஏழை என்று அவளுக்குத் தெரியாது.

டிக்கி பற்றி. ஜூட் லாவுக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, பிரிட்டனின் பாஃப்டா விருதே கிடைத்தது. அவரை வெறும் அழகன் என்று நினைத்தவர்கள் இதைப் பார்க்க வேண்டும். டிக்கி கெட்டவன் இல்லை. யாரையும் வேண்டுமென்று நசுக்குவதில்லை. அவனுக்கு ஒருவர் மேல் ஆர்வம் வந்தால் உலகத்தில் அந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் இல்லாதது போல நடந்துகொள்வான், ஆர்வம் போய்விட்டால் அவ்வளவுதான், பக்கத்தில் நிற்பதையே மறந்துவிடுவான். மார்ஜ் இதை டாமிடம் விளக்குகிறாள். டிக்கியின் கவனம் உன்மேல் இருந்தால் வெயில் உன்மேல் அடிப்பது மாதிரி, அருமையாக இருக்கும், அப்புறம் அவன் உன்னை மறந்துவிடுவான், பயங்கரமாகக் குளிரும் என்கிறாள். அவள் பேச்சில் புகார் இல்லை, பழகிப்போன ஒரு சோர்வுதான் தெரிகிறது. ரோமில் ஒரு ரெக்கார்டு கடையில் இதை நாமே பார்க்கிறோம். பழைய நண்பன் ஃப்ரெடி வந்ததும் இருவரும் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஆடத் தொடங்குகிறார்கள், டாம் வெளியே நிற்கிறான், ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக வந்தவன். நீ போய்ப் பார்த்துவிட்டு வா, ரயிலில் சந்திக்கலாம் என்கிறான் டிக்கி. அதில் துளிகூட விஷம் இல்லை, அதனால்தான் அது அப்படித் தைக்கிறது. யாராவது நம்மை வெறுத்தால் சண்டை போடலாம். மறந்துவிட்டால் என்ன செய்வது?

கடற்கரையில் முதல் சந்திப்பில் டாமின் உடம்பு காகிதம் மாதிரி வெளுத்திருக்கும், மற்றவர்கள் எல்லோரும் வெயிலில் பழுத்திருப்பார்கள். அந்தத் தோலிலேயே அவன் வேறு ஆள் என்று எழுதியிருக்கிறது. நாள் போகப் போக அவன் நிறம் மாறுகிறது, சட்டை மாறுகிறது, கண்ணாடி போகிறது, தலைமுடி வாரும் விதம் மாறுகிறது. இதையெல்லாம் யாரும் வசனத்தில் சொல்வதில்லை. ஆன் ராத்தும் கேரி ஜோன்ஸும் வடிவமைத்த உடைகள் கதையைச் சொல்லிவிடுகின்றன, ஆஸ்கர் பரிந்துரை வரை போன உடைகள்.

அதே நாட்களில் டிக்கி அவனிடம் விளையாட்டாகக் கேட்கிறான், எல்லோருக்கும் ஒரு திறமை இருக்கும், உன் திறமை என்ன என்று. டாம் கண்ணிமைக்காமல் உண்மையைச் சொல்கிறான்: கையெழுத்துப் போடுவது, பொய் சொல்வது, யாரைப் போலவும் பேசி நடிப்பது. எல்லோரும் சிரிக்கிறார்கள். உடனே டிக்கியின் அப்பா குரலில் பேசிக் காட்டுகிறான், என் மகனுக்கு இருக்கும் ஒரே திறமை மாதம் தவறாமல் பணத்தைக் காசாக்குவதுதான் என்று. டிக்கிக்கு உடம்பு சிலிர்த்துவிடுகிறது, அப்பாவே வந்து நிற்பது போல இருக்கிறது என்கிறான். திருடன் வீட்டுக்காரனிடம் தன் ஆயுதங்களை எல்லாம் மேஜையில் வரிசையாக எடுத்து வைத்த காட்சி இது, வீட்டுக்காரன் கை தட்டுகிறான். டாமை யாரும் ஒரு ஆளாகவே எண்ணவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

பிறகு அந்தக் கண்ணாடிக் காட்சி. டிக்கி வீட்டில் இல்லை என்று நினைத்து டாம் அவன் உடைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, பாட்டு வைத்து, நிலைக்கண்ணாடிக்கு முன்னால் ஆடுகிறான். டிக்கி வந்து கதவோரம் நிற்கிறான். அவமானம் தாங்காமல் டாம் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிகிறான், தலை மட்டும் மேலே தெரிகிறது. டிக்கி கத்தவில்லை. என் துணியைக் கழற்று, ஷூவுமா போட்டிருக்கிறாய் என்று முகம் சுளிக்கிறான். மேட் டேமன் இந்தக் காட்சியில் செய்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கூசுகிறது. கொலைகாரனைப் பார்த்து வருகிற கூச்சம் அது இல்லை. நாம் தனியாக இருக்கும்போது வேறு யாராகவோ நடித்துப் பார்த்ததை ஒருவர் பார்த்துவிட்டால் எப்படி இருக்கும், அது. ரயிலில் இன்னொரு சின்ன இடம் உண்டு, தூங்கும் டிக்கியின் முகத்தை ஜன்னல் கண்ணாடியில் டாம் பார்த்துக்கொண்டே வருகிறான், தன் முகத்தை அந்தப் பிம்பத்தோடு பொருத்திப் பார்ப்பது போல. டிக்கி கண்ணைத் திறந்து, ஏன் அப்படிப் பார்க்கிறாய், பயமாக இருக்கிறது என்கிறான்.

சான் ரெமோ என்ற கடற்கரை ஊர், கடலில் ஒரு சின்னப் படகு, அதில் இவர்கள் இருவர் மட்டும். டாம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறான், நீயும் நானும் சேர்ந்து இருக்கலாம், வீடு எடுக்கலாம் என்கிற தொனி. டிக்கி தான் மார்ஜைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்கிறான், நீ அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறாய், உன்னோடு இருந்தால் சலிப்பாக இருக்கிறது என்கிறான். துடுப்பு எழுகிறது. நாவலில் டாம் முன்பே கணக்குப் போட்டுவிட்டுத்தான் கொல்கிறான். மிங்கெல்லா அதை மாற்றி, ஒரு நொடியில் நடப்பதாக வைத்தார். இதனால் டாமை மென்மையாக்கிவிட்டார் என்று நாவலின் ரசிகர்கள் சொல்வதுண்டு, எனக்கு அது சரியாகப் படவில்லை. குளிர்ந்த மூளையோடு கொல்பவனை நாம் தள்ளி நின்று பார்க்கலாம், நமக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். இங்கே அந்த நிம்மதி இல்லை. நான் உனக்கு ஒன்றுமே இல்லையா என்ற கேள்வி யாருக்குத்தான் தெரியாது. கொன்ற பிறகு டாம் அந்த உடலைக் கட்டிக்கொண்டு படகில் படுத்திருக்கிறான். உயிரோடு இருந்தவரை அவ்வளவு பக்கத்தில் அவனால் வர முடிந்ததில்லை.

இதற்கு அப்புறம்தான் அடையாளத் திருட்டு என்ற எந்திரம் ஓடத் தொடங்குகிறது. மேட் டேமனுக்கும் ஜூட் லாவுக்கும் உருவத்தில் என்ன ஒற்றுமை? நம் படங்களில் ஆள்மாறாட்டம் என்றால் இரட்டை வேடம்தான், ஒரே நடிகர், ஒரு மச்சம் வைத்தோ மீசை வைத்தோ வித்தியாசம் காட்டுவார்கள், அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. இங்கே ஒரே முகம் தேவைப்படவில்லை. விடுதி மேஜையில் இருப்பவன் அவனை டிக்கி என்று தவறாக எண்ணும்போதுதான் டாமுக்கே யோசனை வருகிறது, மறுபடியும் பாருங்கள், எதிரில் இருப்பவர்தான் முதலில் தவறு செய்கிறார். விலை உயர்ந்த சட்டை, விரலில் மோதிரம், நிதானமான குரல், வேலைக்காரர்களைப் பார்க்காமலே பேசும் பழக்கம், இவ்வளவு இருந்தால் போதும். பணக்கார அமெரிக்க இளைஞன் என்று ஒரு அச்சு உலகத்தின் தலைக்குள் தயாராக இருக்கிறது, அதில் போய் உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

அப்புறம் கைவேலை. டிக்கியின் டைப்ரைட்டரில் கடிதங்கள், மார்ஜுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, தனக்கே ஒன்று. ட்ரஸ்டிலிருந்து வரும் பணத்துக்கு டிக்கியின் கையெழுத்து. ரோமில் இரண்டு விடுதிகளில் இரண்டு பெயரில் அறை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு போன் செய்து தனக்குத் தானே செய்தி விடுவது. தூரத்து ஆளை நம்புவதற்கு அன்றைக்கு இருந்தவை காகிதமும் மையும் தொலைபேசிக் குரலும்தான். இன்று முகத்தைக் காட்டினால்தான் போனே திறக்கிறது, வங்கிக்குள் நுழைய ஒரு எண், அந்த எண்ணைச் சரிபார்க்க இன்னொரு எண். ஆனால் அடையாளத் திருட்டு குறையவில்லை. திருடுகிறவர்கள் இன்றும் பெரும்பாலும் பூட்டை உடைப்பதில்லை, நம்மிடமே பேசி சாவியை வாங்கிக்கொள்கிறார்கள், நாம் எதை நம்பத் தயாராக இருக்கிறோம் என்பதைக் கவனித்து அதையே சொல்கிறார்கள். மொட்டைமாடியில் டாம் கற்றுக்கொண்டதும் அதுதான்.

படத்தில் டாமை முதல் பார்வையிலேயே கண்டுகொண்டவன் ஃப்ரெடி. ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் மிகக் குறைந்த காட்சிகளில் வருகிறார், வந்து நின்றாலே அறையின் வெப்பம் மாறுகிறது. டிக்கி பெயரில் டாம் குடியிருக்கும் ரோம் வீட்டுக்கு ஃப்ரெடி டிக்கியைத் தேடி வருகிறான். சுவர், திரைச்சீலை, சிலைகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்க்கிறான், பியானோ கட்டையைக் குத்துகிறான். இந்த வீட்டில் எதுவும் டிக்கி மாதிரி இல்லை, டிக்கி மாதிரி தெரிவது நீ மட்டும்தான் என்கிறான். அவன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அவன் கண்டுபிடிப்பது எதனால்? டாமின் ரசனை கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் சுத்தமாக இருக்கிறது, பணத்தைப் புதிதாகப் பார்த்தவனின் வீடு அது. தன் வர்க்கத்தின் வாசனை இல்லாததை மோப்பம் பிடிக்கிறான் ஃப்ரெடி. அவனுக்கு உண்மை தெரிகிறது, அவன்மேல் நமக்கு வெறுப்பு வருகிறது, இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வரவழைத்ததுதான் ஹாஃப்மனின் வேலை. பளிங்குச் சிலைத் தலை ஒன்றால் டாம் அவனை அடித்துக் கொல்கிறான். அந்த நிமிடத்தில் டாம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நம் மனம் பதறுவதைக் கவனித்தால், படம் நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று தெரியும்.

மார்ஜும் கண்டுபிடித்துவிடுகிறாள். கழற்றவே மாட்டேன் என்று டிக்கி அவளிடம் சத்தியம் செய்த மோதிரம் வெனிஸில் டாமின் பொருட்களுக்கு நடுவில் கிடக்கிறது. அவள் கத்துகிறாள், அழுகிறாள், டாமை அடிக்கிறாள். ஆண்கள் எல்லோரும் சேர்ந்து அவளை உணர்ச்சிவசப்பட்ட பெண் என்று ஓரம்கட்டுகிறார்கள். ஹெர்பர்ட் கிரீன்லீஃப் அழைத்து வந்த துப்பறிவாளர் டிக்கியின் பழைய வன்முறைக் கதை ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், ஆகவே ஃப்ரெடியைக் கொன்றது டிக்கிதான், பிறகு தற்கொலை செய்துகொண்டான் என்று அப்பாவே முடிவுகட்டி, ரகசியத்தைக் காப்பாற்றும் நல்ல பையன் டாமுக்கு மகனின் ட்ரஸ்ட் பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். தன் மகனைப் பற்றி அப்பாவுக்கே மோசமான எண்ணம் தயாராக இருந்தது. பால்ட்ரோவை இந்தப் படத்தில் யாரும் பெரிதாகப் பாராட்டுவதில்லை, எனக்கு அது வருத்தம். முதலில் டாமை மனிதனாக நடத்தியவள் அவள் ஒருத்திதான், உண்மையைச் சொன்னபோது யாரும் நம்பாததும் அவளைத்தான்.

இதே நாவலை வைத்து 1960-இல் ரெனே கிளெமான் பிரெஞ்சில் எடுத்த 'ப்ளேன் சொலேய்' படத்தில் டாம் ரிப்ளியாக அலென் டெலோன். பார்க்க வேண்டிய படம், கடலும் வெயிலும் அப்படியொரு அழகு. ஆனால் டெலோன் எதிரில் இருப்பவரைவிட அழகாக இருக்கிறார்! அவர் எதற்கு இன்னொருவரைப் பார்த்து ஏங்க வேண்டும்? அங்கே ஆசை இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, பொறாமையின் அந்தக் கூனல் இல்லை. முடிவில் படகின் கயிற்றில் சிக்கிய பிணம் கரைக்கு வந்து அவனைக் காட்டிக் கொடுத்துவிடும், ஹைஸ்மித்துக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, அவருடைய ரிப்ளி நாவலில் தப்பித்து நிம்மதியாகப் போகிறவன். அவனை வைத்து 1991 வரை மொத்தம் ஐந்து நாவல்கள் எழுதினார். 2024-இல் ஸ்டீவன் ஸைலியன் எட்டுப் பகுதித் தொடராக, முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், ஆண்ட்ரூ ஸ்காட் டாம். ஒரு பிணத்தை மறைக்க எவ்வளவு உடலுழைப்பு வேண்டும், எத்தனை படிக்கட்டு ஏற வேண்டும் என்று நிமிடக்கணக்கில் காட்டும் தொடர் அது. நாவலுக்கு நெருக்கம் அதுதான், ஸ்காட் பிரமாதம். ஆனால் அந்த டாம் டிக்கியின் வாழ்க்கையை விரும்புகிறான், டிக்கியை விரும்புவதாகத் தெரியவில்லை. மிங்கெல்லாவின் டாமுக்கு இரண்டும் வேண்டும், அந்த இரண்டும் ஒன்றை ஒன்று கொன்றுவிடுகின்றன.

படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் திருமூலர் கதை ஞாபகம் வரும். மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்க, அவனைச் சுற்றி மாடுகள் அழுவதைப் பார்த்து மனம் தாங்காமல் சித்தர் தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலுக்குள் போகிறார். மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால் வைத்த இடத்தில் தன் உடல் இல்லை. அதன்பிறகு கடைசிவரை மூலனாகத்தான் இருக்க வேண்டியதாகிறது. கூடுவிட்டுக் கூடு பாய்ந்தால் பழைய கூடு காத்திருக்கும் என்று உறுதி கிடையாது. அவர் பாய்ந்தது கருணையால், அதனால் அவர் இழந்தது வெறும் உடல். டாம் பாய்ந்தது ஏக்கத்தால். ஆபத்து நெருங்கி டிக்கியைக் கைவிட்டுப் பழையபடி டாம் ஆக வேண்டிய நேரம் வரும்போது அவனுக்கு டாமாக இருக்கத் தெரியவில்லை. சாதாரணமான ஒரு சட்டையை மறுபடி போட்டுக்கொள்வதில் எவ்வளவு துக்கம் இருக்க முடியும் என்று மேட் டேமன் முகத்தில் பார்க்கலாம்.

டாமுக்கு டாமாகவே ஒரு நல்லது நடக்கிறது, அதுதான் இந்தப் படத்தின் கொடுமை. பீட்டர் ஸ்மித்-கிங்ஸ்லி, ஜாக் டேவன்போர்ட் நடித்த பாத்திரம், நாவலில் சின்ன ஆள், இங்கே படத்தின் இதயம். இசைக்காரர், அமைதியானவர், வெனிஸில் வீடு. அவர் டாமைப் பார்க்கிறார். டிக்கியின் கோட்டையோ பிரின்ஸ்டன் சின்னத்தையோ பார்க்கவில்லை, பியானோ வாசிக்கும், தூக்கத்தில் பயப்படும் இந்த ஆளைப் பார்க்கிறார், அவனை நேசிக்கிறார். டாம் அவரிடம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடும் அளவுக்கு வருகிறான், கடந்த காலத்தை நிலவறையில் போட்டுப் பூட்டிவிட்டேன், யாருக்காவது அந்தச் சாவியைக் கொடுத்துவிடத் தோன்றுகிறது என்கிறான். நிஜமான ஒன்றுமில்லாதவனாக இருப்பதைவிடப் போலியான ஒரு பெரிய ஆளாக இருப்பது மேல் என்று எப்போதும் நினைத்திருந்தேன் என்கிறான். அவன் ஒன்றுமில்லாதவன் இல்லை என்று பதில் சொல்ல எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தேடியது கிடைத்துவிட்டது, இரண்டு பிணங்கள் தாமதமாக.

இருவரும் கிரீஸுக்குக் கப்பலில் போகிறார்கள், அதே கப்பலில் மெரிடித். அவளுக்கு அவன் டிக்கி, பீட்டருக்கு அவன் டாம், அவள் தன் குடும்பத்தோடு வந்திருக்கிறாள், தனியாக இருந்தால்கூட வேறு மாதிரி முடிந்திருக்கும். துறைமுகத்தில் காரணமே இல்லாமல் போட்டுப் பார்த்த அந்தப் பெயர் திரும்பி வந்து பணம் கேட்கிறது. அறைக்குள் டாம் பீட்டரிடம் என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறான், பீட்டர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறார், டாமிடம் திறமை இருக்கிறது, டாம் அன்பானவன், டாமுக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன, டாமிடம் ரகசியங்கள் இருக்கின்றன. கொலையை நாம் பார்ப்பதில்லை, பீட்டரின் குரல் திணறுவதைக் கேட்கிறோம், அழுதுகொண்டே செய்கிறான். இங்கே அந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று கவனியுங்கள், டாம், டாம், டாம். படம் முழுக்க அவனை யாரும் அந்தப் பெயரை இவ்வளவு பிரியமாகச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

டாம் மாட்டிக்கொள்ளவில்லையே, இது என்ன முடிவு, தப்பு செய்தவன் தண்டனை இல்லாமல் போகிறானே என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போலீஸ் வந்திருந்தால் அவனுக்கு நல்லதாகப் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, விசாரணையில் யாராவது அவனை டாம் ரிப்ளி என்று அழைத்திருப்பார்கள், குற்றவாளியாகவாவது அவன் அவனாக இருந்திருப்பான். மிங்கெல்லா அதைக்கூட அவனுக்குக் கொடுக்கவில்லை. ஹைஸ்மித்தின் முடிவைவிட இது கடுமையானது, எனக்கு இதுதான் சரியானதாகவும் படுகிறது. இரண்டாம் முறை பார்ப்பவர்கள் ஜாக் டேவன்போர்டை மட்டும் தொடர்ந்து பாருங்கள், வெனிஸ் காட்சிகளில் டாம் பேசும்போது அவர் எப்படிக் கேட்கிறார் என்று. எல்லோரும் ஜூட் லாவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த நடிப்பு இத்தனை வருடமாகப் பேசப்படாமலே கிடக்கிறது.